மழை பொது, பள்ளம் மட்டும் நமக்கு

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து கால் மணி நேரம் வண்டியில் போனால் அந்தக் காலனி வரும். போகிற வழியெல்லாம் தொழிற்சாலைகளின் சுற்றுச்சுவர்கள். சுவர் முடிகிற இடத்தில் ஓர் ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே, கலங்கலுக்கு எதிரே, எண்பது தொண்ணூறு வீடுகள். ஊரின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. எழுதினால், 'அது அந்த ஊர்ப் பிரச்சினை' என்று மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் வட்டங்களில் ஏரிக்குக் கீழே காலனி இருக்கிற எந்த ஊரின் பெயரை வேண்டுமானாலும் வாசகர்கள் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

காலனியின் நடுவில் ஓர் அம்பேத்கர் படிப்பகம். அதன் வாசல் சுவரில் அடுப்புக்கரியால் மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்கள். முழங்கால் உயரக் கோட்டின் அருகில் 2005 என்றும், தொடை உயரத்தில் 2023 என்றும், மார்பு உயரத்தில் 2015 என்றும் எழுதியிருக்கிறது. அந்தந்த ஆண்டு வெள்ளம் நின்ற மட்டம் அது. வெள்ளையடிக்கும்போதுகூட அந்தக் கோடுகளை விட்டுவிட்டுத்தான் அடிக்கிறார்களாம்.

கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா வந்து உட்கார்ந்தார். "அப்பல்லாம் தண்ணி வரும், போவும். காலையில வந்தா சாயங்காலம் வடிஞ்சிடும். இப்போ வந்தா குந்திக்குது தம்பி. எழுந்திருக்கவே மாட்டேங்குது" என்றார்.

வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைத்தான் அரசும் பத்திரிகைகளும் கணக்கெடுக்கின்றன. எத்தனை நாள் உட்கார்ந்தது என்பதை ஆயாதான் கணக்கெடுக்கிறார். இந்தக் கட்டுரை அவருடைய கணக்கைப் பற்றியது.

மட்டம் பார்த்த மாலை

படிப்பகத்துப் பிள்ளைகளோடு ஒரு மாலையில் நாம் ஒரு வேலை செய்தோம். அதே காலனியைச் சேர்ந்த ஒரு கொத்தனார் அண்ணன், மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்தார். குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளையும் இரண்டு இடத்தில் பிடித்தால், எது மேடு, எது பள்ளம் என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். பொறியாளர் வேண்டாம், கருவி வேண்டாம்.

காலனித் தெருவில் தொடங்கி, இடத்துக்கு இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டே ஊர்த்தெருவுக்குப் போனோம். ஊர்க் கோயில் வாசல் நம் தெருவைவிட இடுப்பு உயரம் மேலே இருந்தது. பிறகு தார்ச்சாலைக்குப் போனோம். அகலப்படுத்தும்போது மண் கொட்டி உயர்த்திய சாலை அது. கோயில் வாசலுக்குச் சமமாக இருந்தது. கடைசியாகச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் நுழைவாயில் வரை போனோம். உள்ளே விடமாட்டார்கள், கேட்டுக்கு வெளியே வைத்தே மட்டம் பார்த்தோம். காலனித் தெருவில் ஒரு பெரிய ஆள் நின்றால், அந்தக் கம்பெனித் தரை அவர் தலைக்கு மேலே இருக்கும்.

எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், "அப்போ நாம கிணத்துக்குள்ள இருக்கோமா அண்ணா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. கொத்தனார் குழாயிலிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினார். அது நேராகக் காலனிப் பக்கம் ஓடியது.

மழை எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்கிறது. ஊருக்குத் தனி மழை, காலனிக்குத் தனி மழை கிடையாது. ஆனால் பெய்த மழை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை வானம் முடிவு செய்வதில்லை. அது தரையில், மனிதர்களால் முடிவு செய்யப்படுகிறது. நம் மாவட்டத்தில் அந்த முடிவு இரண்டு முறை எடுக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை சாதி எடுத்தது. இரண்டாம் முறை தொழில் வளர்ச்சி எடுத்தது. இரண்டு முறையும் நம்மைக் கேட்கவில்லை.

பள்ளம் பங்கான கதை

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 900-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். பாலாற்றிலிருந்து வருகிற கம்பன் கால்வாய் வழியெங்கும் ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் முடிகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் மேலே இருக்கிற ஊர் மூழ்கும். ஒரு கண்ணி உடைந்தால் கீழே இருக்கிற ஊர் மூழ்கும்.

இந்த அமைப்புக்குள் சேரி எங்கே வைக்கப்பட்டது? மேட்டில் நத்தம், அதில் கோயிலும் ஊர்த்தெருவும். கழனிக்கு நடுவிலோ, கலங்கல் ஓடைக்குப் பக்கத்திலோ சேரி. எல்லாச் சேரிகளும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை. வேலைக்குக் கூப்பிட்டால் கேட்கிற தூரம், தொடாமல் இருக்கிற தூரம் என்ற இரண்டு அளவுகளை வைத்துத்தான் சேரிக்கு இடம் தேடினார்கள். தண்ணீர் தேங்குமா என்ற கேள்வி அந்தக் கணக்கில் வரவில்லை.

குடியிருந்த மனைகூட நம்முடையதாக இல்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மிராசுதார்கள் சேரி மனைகளைத் தங்கள் உடைமை என்று சொல்லிக்கொண்டு, எதிர்த்துப் பேசுகிறவர்களை வெளியேற்றுவதாக மிரட்டி அடக்கி வைத்திருந்ததை அந்த அறிக்கை காட்டியது. மேடான மனைக்கு மாற வேண்டுமென்றால் மனை சொந்தமாக இருக்க வேண்டும். சொந்தமில்லாதவர்கள் வைத்த இடத்தில்தான் இருந்தாக வேண்டும்.

அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1892-ல் பஞ்சமி நில ஒதுக்கீட்டு அரசாணை வந்தது. அந்த நிலம் பின்னாளில் எப்படிக் கைமாறியது என்பதும், அதை மீட்கக் காரணையில் நடந்த போராட்டமும், அதன் தொடர்ச்சியாக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்ததும் நம் மாவட்ட வரலாறு. பஞ்சமி நிலத்தை விவசாய நிலப் பிரச்சினையாக மட்டுமே பேசி வந்திருக்கிறோம். அது வெள்ளத்தில் மூழ்காத மனைக்கான பிரச்சினையும்தான். மீட்கப்படுகிற நிலத்தில் மேடான பகுதி இருந்தால், பள்ளத்துக் காலனிக்கு அதுவே மாற்று இடம்.

விடுதலைக்குப் பிறகு மனைப்பட்டா கிடைத்தது. ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்க 1978-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. நல்ல சட்டம். ஆனால் எந்த நிலத்தை எடுத்தார்கள் என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டும். நாம் பார்த்த பல இடங்களில், விளையாத பள்ளக் கழனிதான் மனையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பட்டா கையில் இருக்கிறது. கார்த்திகை வந்தால் பட்டாவில் உள்ள இடம் தண்ணீருக்குள் இருக்கிறது.

ஏரியைக் காத்தவர்கள்

இதில் ஒரு கொடுமை உண்டு. ஏரித் தண்ணீரை நிர்வகித்தவர்களே நம் முன்னோர்தான். நீர்க்கட்டி என்ற வேலையை இந்த மாவட்டத்துப் பெரியவர்கள் இன்னமும் நினைவு வைத்திருக்கிறார்கள். மதகைத் திறப்பதும் மூடுவதும், எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பாய்ச்சுவதும், மழை இரவுகளில் கரையைச் சுற்றிவந்து கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. அந்தப் பொறுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடுகிற நெல். கரை உடையும் போலிருந்தால் பறை அடித்து ஊரை எழுப்பியதும் நம் ஆட்கள்தான். மண்மூட்டை போட்டதும் நம் ஆட்கள்தான். காப்பாற்றப்பட்ட கழனி மட்டும் நம்முடையதில்லை.

அறிவிப்புக்குத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எழுதினார். அது நல்ல முடிவு. ஆனால் பறையோடு சேர்த்து நீர்க்கட்டியின் அறிவையும் நாம் தொலைத்துவிடக் கூடாது. எந்த ஓடை எங்கே போகிறது, எந்த மதகு எத்தனை ஆண்டாகத் திறக்கவில்லை என்பது இன்னும் சில பெரியவர்களின் தலைக்குள் இருக்கிறது. தாளில் எழுதப்படவில்லை.

தண்ணீர் ஏன் குந்திக்கொள்கிறது?

இனி இரண்டாம் முடிவுக்கு வருவோம். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள் விரிந்தன. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். என்றாலும் கழனி வேலைக்குப் பண்ணையார் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தொழிற்சாலையே வேண்டாம் என்பதும் நம் கட்சியில்லை.

ஆனால் தரைக்கு என்ன ஆயிற்று? முன்பு காலனியைச் சுற்றிக் கழனி இருந்தது. வரப்பு கட்டிய கழனி ஒவ்வொன்றும் ஒரு சிறிய தொட்டி. பெருமழையில் அவை தண்ணீரை வாங்கி, வைத்திருந்து, மெதுவாக விட்டன. இப்போது அந்தக் கழனிகள் மீது லாரி லாரியாகக் கிராவல் கொட்டி உயர்த்திக் கான்கிரீட் போட்டாயிற்று. தண்ணீரை வாங்குகிற நிலம் தண்ணீரைத் தள்ளுகிற நிலமாகிவிட்டது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. இரண்டும் உயர்த்தி அகலப்படுத்தப்பட்டவை. குறுக்கே ஓடிய சின்ன ஓடைகளுக்குப் போதிய கல்வெட்டுப் பாலம் இல்லாத இடங்களில் சாலையே ஓர் ஏரிக்கரையாகிவிடுகிறது. அந்தக் கரைக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்ட குடியிருப்பு, மதகு இல்லாத ஏரி.

ஆயா சொன்னது இதுதான். முன்பு தண்ணீருக்கு வழி இருந்தது, வந்தது, போனது. இப்போது வருகிற வழி பெரிதாகிவிட்டது, போகிற வழி சிறுத்துவிட்டது.

2015-ஐ நினைத்துக்கொள்வோம். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி தணிக்கை அறிக்கை, இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது.

செம்பரம்பாக்கத்துக்குக் கீழே சென்னையில் நடந்தது உலகத்துக்கே தெரியும். மேலே, அதாவது நம் பக்கம் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. அடையாற்றைச் சென்னை ஆறு என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தலையெடுப்பது மலைப்பட்டு, மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளில். அந்த ஏரிகள் வழிந்தபோது வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. தொலைக்காட்சி அங்கே வரை வந்தது. அதற்கும் மேலே இருந்த காலனிகளுக்கு வரவில்லை.

'ஊர்த்தெருவிலும்தானே தண்ணீர் வந்தது? சென்னையில் பங்களாவும்தானே மூழ்கியது?' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை. ஆனால் பங்களாவில் மாடி இருந்தது. ஊர்த்தெருவில் தண்ணீர் அன்று மாலையே வடிந்தது. நம் காலனியில் ஐந்து நாள் நின்றது. ஐந்து நாளில் ரேஷன் அரிசி போயிற்று, ஆடு போயிற்று, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் ஊறிப்போயின. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. நிரந்தரத் தொழிலாளிக்கு அது விடுமுறை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது சம்பளமில்லாத நாள். அந்தச் சில நாளில் ஒருவர் இறந்துபோனால் சுடுகாட்டுக்குப் பாதையில்லை. இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போன கதை இந்த வட்டாரத்தில் ஒரு காலனிக்கு மட்டும் சொந்தமில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு சென்னையின் சாக்கடையையும் குப்பையையும் அள்ள மாநிலம் முழுவதிலுமிருந்து தூய்மைப் பணியாளர்கள் லாரிகளில் அழைத்து வரப்பட்டார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று நாம் எழுதத் தேவையில்லை.

பழைய பேரிடர்களின் கதையும் இதுதான். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மழை எல்லா நிலத்துக்கும்தான் பொய்த்தது. குதிரில் நெல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்; அன்றன்று கூலி வாங்கியவர்கள் செத்தார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் காற்று எல்லோர் வீட்டு மேலும்தான் அடித்தது. பறந்தது ஓலையும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும்.

சுவர் விழுந்தால்

2019 டிசம்பர் 2. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூர். இரவெல்லாம் மழை. அதிகாலையில் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று, கீழே இருந்த தலித் குடியிருப்பு மீது சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று தலித் அமைப்புகள் கூறின. அரசுக் குறிப்பேட்டில் அது மழையால் நேர்ந்த சாவு. மழை அந்தச் சுவரை நனைத்தது, அவ்வளவுதான். இருபதடி உயரச் சுவரை ஓட்டு வீடுகளின் தலைமாட்டில் கட்டியது மழை அல்ல.

அந்தச் செய்தியைப் படித்த பிறகு நம் பகுதிக் காலனிகளுக்குள் போகும்போதெல்லாம் கண் தானாகச் சுவர்களின் பக்கம் போகிறது. கிராவல் கொட்டி உயர்த்திய மனையின் விளிம்பில், காலனி வீட்டுக் கொல்லையை ஒட்டி நிற்கிற சுவர்கள். அவற்றைக் கட்டியவர்களுக்குச் சாதி நோக்கம் இருந்ததாக நாம் சொல்லவில்லை. ஆனால் ஈர மண்ணின் பாரம் நோக்கம் பார்த்துச் சாய்வதில்லை. சுவரின் அடியில் தண்ணீர் வெளியேறத் துளைகள் உண்டா, அஸ்திவாரம் அரிக்கப்பட்டிருக்கிறதா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பார்க்கப் பொறியாளர்தான் வர வேண்டும் என்பதில்லை. ஐப்பசிக்கு முன்னால் நாமே போய்ப் பார்த்து, படம் எடுத்து, எழுத்தில் கொடுக்கலாம். ஒரு விபத்துக்குப் பிறகு போராடுவதைவிட அது நல்லது.

நிவாரணமும் வெளியேற்றமும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் தலித் மக்களுக்கு இடமும் குடிநீரும் மறுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகும் வலையும் இழந்தவர்கள் பட்டியலில் இருந்தார்கள். மீன் சுமந்தும், உப்பளத்திலும் கழனியிலும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். எதை இழந்தாய் என்று கேட்டுக் கொடுக்கிற நிவாரணம், இழக்க எதுவும் இல்லாதவனை விட்டுவிடுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டபோது, குன்றத்தூர் வட்டம் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் சில வருவாய் கிராமங்கள் மட்டும் சேர்க்கப்பட்டன. வெள்ளம் வருவாய் கிராம எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நனைந்தவர்கள் அந்தப் பக்கம் வாங்கியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிற இருளர் குடும்பங்களுக்கும், நம் காலனிகளில் வரிசை வீடுகளில் வாடகைக்கு இருக்கிற வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் எந்தப் பக்கமும் கிடைப்பது கடினம். பட்டா இல்லை, இங்கே ரேஷன் அட்டை இல்லை. அவர்களும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறார்கள். நம் கோரிக்கையில் அவர்களை விட்டுவிட்டால், நம்மை விட்டவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் 'ஆக்கிரமிப்பை அகற்று' என்ற குரல் எழும். ஏரிகளைக் காக்க 2007-ல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஏரி வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் முதலில் வருகிற ஜே.சி.பி. யார் வீட்டுக்கு வருகிறது? அடையாற்றங்கரைக் குடும்பங்களைச் சென்னையிலிருந்து பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் வைத்தார்கள்; ஒரு பகுதியினரை ஒரகடம் பக்கத்து நாவலூர் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுவந்தார்கள். சென்னைக்கு வெள்ளம் தந்த ஆற்றின் தலைமாட்டுக்கே அந்த வெள்ளத்தின் அகதிகளை அனுப்பிவிட்டார்கள். ஓடையை மறித்த பெரிய கட்டடங்கள் பல இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது கால்வாய்க் கரை உடைந்து அழிந்த பகுதிகளில் ஒன்று 'லோயர் நைன்த் வார்டு'. அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நிறவெறி நாட்டிலும் பள்ளம் யாருக்கு என்பது முன்பே எழுதப்பட்டிருந்தது.

கிராம சபையில் என்ன கேட்பது?

வருகிற அக்டோபர் 2 கிராம சபை. வடகிழக்குப் பருவமழை தொடங்க அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். பேச வேண்டிய நாள் அதுதான்.

நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. அதன் 61-ஆம் பிரிவு, நிவாரணமும் இழப்பீடும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்று சொல்கிறது. 31-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் திட்டம் வேண்டும், அதில் பாதிக்கப்படக்கூடிய பகுதிகள் குறிக்கப்பட வேண்டும், ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறது. அதற்குப் பொறுப்பான ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. எழுதி வைத்ததைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதலாவது: மாவட்டப் பேரிடர் திட்டத்தில் நம் காலனியின் பெயர் தனியாக இருக்கிறதா? ஊர்ப் பெயர் இருந்தால் போதாது. ஊர் மேட்டில் இருக்கிறது. காலனிப் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்பது வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம்.

இரண்டாவது: வெள்ளம் வந்தால் தங்கும் இடம் எது? பல ஊர்களில் ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தைக் காட்டுகிறார்கள். அங்கே போகும் தரைப்பாலம்தான் முதலில் மூழ்குகிறது. காலனியின் பக்கத்திலேயே, தண்ணீர் ஏறாத மட்டத்தில், சமையலறையும் கழிப்பறையும் உள்ள கட்டடம் வேண்டும்.

மூன்றாவது: கிராம வரைபடத்தில் உள்ள ஓடையும் தரையில் உள்ள ஓடையும் ஒன்றுதானா? வட்டாட்சியர், நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, சிப்காட் ஆகிய நான்கு தரப்பும் சேர்ந்து நடந்து பார்த்து அளக்க வேண்டும். துறை துறையாக மனு கொடுத்தால், பந்து நான்கு பேரிடமும் உருண்டுகொண்டே இருக்கும்.

நான்காவது: சுடுகாட்டுப் பாதையை உயர்த்துவது. இது அவமானத்திலிருந்து விடுதலை.

ஐந்தாவது: பள்ளத்தை நிரப்ப முடியாத காலனிக்கு மேட்டில் மாற்று மனை. எங்கோ தொலைவில் அல்ல. வேலைக்கும் பள்ளிக்கும் போகிற அதே ஊரில். பஞ்சமி நிலமோ அரசுத் தரிசோ இருக்கிறதா என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடு சொல்லும். சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாயோடு ஒரு மனு.

மாணவர்களுக்கு ஒரு வேலை

கல்லூரியில் படிக்கிற நம் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மேலே 'நம் காலனியின் வெள்ளக் குறிப்பேடு' என்று எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தேதி, எங்கே வரை தண்ணீர் வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கம் வடிந்தது, எந்த அதிகாரி வந்தார், என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். நீர்க்கட்டி வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்தால் அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், ஓடைகளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கொத்தனாரிடம் குழாய் வாங்கி மட்டம் பாருங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அரசுக் கோப்பில் நம் வெள்ளம் இல்லை என்றால், அது வரவில்லை என்று அர்த்தமாகிவிடும். திரமென்ஹீர் அறிக்கையில் நம் முப்பாட்டன்களின் பசி பதிவானதால்தான் 1892 அரசாணை வந்தது. அன்று ஒரு வெள்ளைக்கார ஆட்சியர் எழுத வேண்டியிருந்தது. இன்று எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

அந்தக் காலனிப் படிப்பகத்துப் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். நாம் கிளம்பும்போது, கிணற்றைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் ஆயாவின் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். "ஆயா, 2015-ல எத்தினி நாள் குந்திச்சி?" என்று கேட்டாள். ஆயா விரல்விட்டு எண்ணினார். "அஞ்சு நாளுமா. அஞ்சாம் நாள் சாயங்காலம் எங்க வீட்டு வாசப்படி தெரிஞ்சிது. எழுதிக்கோ."